உங்களுக்கு என்ன விருப்பம்?

சென்ற பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை. கிளிநொச்சியில் ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தேன். பளையில் பஸ் நின்றபோது என் சிநேகிதி ஏறினாள். அவளுக்காக யன்னல் பக்கத்து இருக்கையில் என் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். கத்தரிப்பூ நிறச் சேலையும், நெற்றியில் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டுமாக வந்து உட்கார்ந்தாள்.

"இண்டைக்கு இரவுச் சாப்பாடு என்ரை செலவு. நல்லூர்ப் பக்கம் புதுசாத் திறந்திருக்கிற கடைக்குப் போறம். நீ ஒண்டும் கதைக்கக் கூடாது" என்றாள்.

"எந்தக் கடை?"

"எங்கடை ஒடியல் மா போற கடை."

அந்த உணவகத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன். வெளிநாட்டில் இருந்து திரும்பிய ஒரு குடும்பம் பழைய நாற்சார் வீடொன்றைத் திருத்தித் திறந்திருந்தது. 'ஃபியூஷன்' உணவகம் என்று பெயர்ப்பலகையில் போட்டிருந்தார்கள். நம்மூர்ச் சாப்பாட்டையும் வெளிநாட்டுச் சாப்பாட்டையும் கலந்து சமைக்கும் இடம். விலையும் அதற்கேற்றது என்று அலுவலகத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு உடனே மனதுக்குள் கணக்கு ஓடத் தொடங்கியது. இவளுடைய மகள் உயர்தரம் படிக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் சமையலறை இன்னும் தகரக் கொட்டில்தான். இந்தக் காசில் எத்தனையோ செய்யலாம். அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே பதில் சொன்னாள். "எடியே, பிள்ளையின்ரை ரியூசன் காசு கட்டியாச்சு. சங்கத்துக் கடனும் முடிஞ்சுது. வருசப் பங்குக் காசிலை மிச்சம் இது. எங்களுக்கு எப்பவும் தேவை மட்டும்தானோ இருக்கோணும்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். பஸ் முகமாலையைக் கடந்துகொண்டிருந்தது.

நாங்கள் இருவரும் 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாமில் அறிமுகமானவர்கள். இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் அடைபட்டிருந்த அந்த இடத்தில், இராமநாதன் முகாமில், எங்கள் கூடாரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இருவருக்கும் 21 வயது. எனக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருந்தது. அவளுக்கு ஒரு வயதுப் பெண் குழந்தை. கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து வீட்டார் அவசரமாகச் செய்துவைத்த கலியாணம். கணவர் அந்த வருடம் சித்திரையில் செல்விழுந்து இறந்துபோனார். நான் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சமூகவியல் படித்தேன். அவள் கணவரின் ஊரான பளைக்கு மீளக்குடியேறினாள். முகமாலையில் பல வருடங்கள் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தாள். வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறும் வேலை. பல பெண் தலைமைக் குடும்பங்களுக்கு அன்று சோறு போட்டது அந்த வேலைதான். அது குறைந்ததும் ஊரில் இன்னும் பதினொரு பெண்களுடன் சேர்ந்து பனம் பொருள் உற்பத்தியில் இறங்கினாள்.

மிருசுவில், கொடிகாமம், சாவகச்சேரி எனப் பஸ் போனது. தென்மராட்சியின் பனைகளும் தென்னைகளும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அவள் பனைகளைப் பார்த்தாலே கணக்குப் போடுபவள். ஆவணி, புரட்டாதியில் பழம் விழும். விதையைப் பொறுக்கிப் பாத்தி போட வேண்டும். மார்கழி, தையில் கிழங்கு கிளப்ப வேண்டும். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல், அவிக்காமல் பிளந்து காயவிட்டால் ஒடியல். ஒடியலை இடித்து அரித்தால் மா. விதை விழுவதில் இருந்து மா கைக்கு வரும்வரை ஏறத்தாழ அரை வருடம். அந்த மாவை இவர்கள் யாழ். நகரில் ஒரு கடைக்கு மொத்தமாகக் கொடுப்பார்கள். அந்தக் கடையில் இருந்துதான் அது இந்தப் புதிய உணவகத்துக்குப் போகிறது.

என் அறையில் முகம் கழுவிவிட்டு ஓட்டோவில் போய் இறங்கும்போது இரவு ஏழரை மணி. வாசலில் தென்னோலைத் தோரணம். உள்ளே முற்றத்தைச் சுற்றி விறாந்தையில் மேசைகள் போட்டிருந்தார்கள். பழைய தூண்களுக்கு எண்ணெய் பூசி, அரிக்கன் லாம்பு வடிவில் மின்விளக்குகள் தொங்கவிட்டிருந்தார்கள். சிநேகிதி வாசற்படியில் செருப்பைக் கழற்றப் போனாள். நான் கையைப் பிடித்தேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

பரிமாறும் பெண்பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். உணவுப் பட்டியலை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, "அன்ரி, உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டாள்.

பட்டியலில் குரக்கன் ரொட்டியின் மேல் சீஸ் போட்ட பீட்சா இருந்தது. யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டிய கணவாய்ப் பாஸ்டா இருந்தது. இறால் வைத்துச் சுருட்டிய தோசை இருந்தது. ஒடியல் கூழ், சிறு கிண்ணம் என்றும் இருந்தது. சிநேகிதி ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தாள். பிறகு பட்டியலை என் பக்கம் தள்ளினாள்.

"நீயே சொல்லு. நீ சாப்பிடுறதே எனக்கும்."

"நீதானே கூட்டிக்கொண்டு வந்தனீ? உனக்கு என்ன விருப்பமெண்டு சொல்லன்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "எனக்குத் தெரியேல்லையடி" என்றாள். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டுக் கிடைக்காமல் சொன்னாள்.

கண்ணிவெடிக்கு அருகில் நடுங்காத கைகள் அவளுடையவை. ஒரு சாப்பாட்டுப் பட்டியலுக்கு முன்னால் அவள் திகைத்து நிற்பதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியம் இல்லை. அவளிடம் அந்தக் கேள்வியை யார் கேட்டார்கள்? வீட்டில் அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் எது விருப்பமோ அது சமைக்கப்பட்டது. பிறகு கணவருக்கு. முகாமில் வரிசையில் நின்று நீட்டிய பாத்திரத்தில் விழுந்ததுதான் சாப்பாடு. மீள்குடியேறிய பின் நிவாரணப் பொதியில் அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். அதன் பிறகு பிள்ளைக்கு எது பிடிக்குமோ அது.

நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். அதைவிட, நான் கேள்வி கேட்கும் தொழிலில் இருப்பவள். பத்து வருடத்துக்கு மேலாகத் தேவை மதிப்பீட்டுப் படிவங்களோடு வீடு வீடாகப் போகிறேன். குடும்ப அங்கத்தவர் எத்தனை, வருமானம் எவ்வளவு, மலசலகூடம் உண்டா, கடன் எவ்வளவு, மிக அவசரமான தேவை எது. ஏபிரகாம் மாஸ்லோ என்ற உளவியலாளர் 1943 இல் மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டினார் என்று விரிவுரையில் படித்தோம். முதலில் பசியும் தாகமும், பிறகு பாதுகாப்பு, மற்றவை எல்லாம் அதற்கு மேலே. நாங்களும் அந்த ஒழுங்கில்தான் படிவம் நிரப்புகிறோம். கீழ்ப்படியில் நிற்கும் பெண்ணுக்கும் விருப்பம் என்று ஒன்று இருக்கும் என்பதை என் படிவத்தில் எழுத இடமே இல்லை.

கடைசியில் அவள் கூழைச் சொன்னாள். "எங்கடை மா என்ன கோலத்திலை வருதெண்டு பாப்பம்." நான் கணவாய்ப் பாஸ்டா சொன்னேன்.

காத்திருந்த நேரத்தில், "உந்தப் ஃபியூஷன் எண்டால் என்னடி?" என்று கேட்டாள்.

கலப்பு என்றுதான் பொருள் என்றேன். புதுப் பெயர், ஆனால் பழைய விசயம். யாழ்ப்பாணத்துக் கறியை மிளகாய் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? அந்த மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து போர்த்துக்கேயர் மூலம் ஆசியாவுக்கு வந்தது. அதற்கு முன் எங்களுக்கு உறைப்புத் தந்தது மிளகு. அதனால்தான் மிளகைப் போல் உறைக்கும் காய்க்கு மிளகாய் என்று பெயர் வந்தது. கூழுக்குள் போடும் மரவள்ளியும் தென் அமெரிக்காவில் தோன்றிய கிழங்குதான். காலையில் வாங்கும் பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயச் சொல். போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், அவர்களோடு வந்த காயும் கிழங்கும் எங்கள் அடுப்படியில் தங்கிவிட்டன. அவற்றை எங்கள் வாய்க்கு ஏற்றபடி பழக்கி எடுத்தவர்கள் எங்கள் பாட்டிமார்.

"அப்ப மெனிக்பாமிலை நாங்கள் சமைச்சது?" என்றாள்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. தேங்காய்ப்பூ இல்லாமல் அவித்த கோதுமை மாப் புட்டு. மீன் ரின்னுக்குள் முகாம் வேலி ஓரம் பிடுங்கிய கீரையைக் கலந்து ஒரு கறி. பருப்பும் அரிசியும் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சிய கஞ்சியில், பிள்ளைக்கென்று ஒரு கரண்டி சீனி. மூன்று கல், நனைந்த விறகு, ஒரே சட்டி.

"அதுவும் ஃபியூஷன்தான்" என்றேன்.

"இல்லை" என்றாள் அவள். "அது இல்லாமையாலை கலந்தது. இஞ்சை ஆசைக்குக் கலக்கினம்."

கூழ் வந்தது. கையளவு மண் கிண்ணம், மேலே ஒரு நண்டுக்கால், சிறிய பலாவிலை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பலாவிலையை மடித்துக் கோலிக் குடிக்கும் வழக்கம் எங்களுடையது. இங்கே அது வெறும் அலங்காரம். சிநேகிதி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். முகம் சுருங்கியது.

"கைக்குதடி. மாவை ஊறப்போட்டு வடிக்கேல்லை."

நானும் ருசி பார்த்தேன். நாக்கின் அடியில் கசப்பு நின்றது.

"விடு, சொன்னால் கோவிப்பினம். பாஸ்டாவைப் பாதி பாதி சாப்பிடுவம்" என்றேன்.

இப்படிச் சொன்னது நான்தான். மாதம் இரண்டு தடவை பெண்களைக் கூட்டி வைத்து, உங்கள் கருத்தைத் துணிந்து சொல்லுங்கள் என்று பயிற்சி நடத்தும் நான். வரிசையில் நிற்பவள் குறை சொல்லக் கூடாது என்ற பாடத்தை நாங்கள் இருவரும் மெனிக்பாமில் படித்தோம். அரிசியில் வண்டு இருந்தாலும், சோறு மணத்தாலும், தந்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்த முகாம் 2012 புரட்டாதியில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அந்தப் பாடம் எனக்குள் இன்னும் இருந்திருக்கிறது.

அவள் கொஞ்ச நேரம் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை உயர்த்திப் பெண்பிள்ளையைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை, கூழ் காய்ச்சினவரை ஒருக்கா வரச் சொல்லுவீங்களோ? சண்டைக்கில்லை. ஒரு விசயம் சொல்லோணும்."

வெள்ளைச் சட்டையில் ஒரு இளைஞன் வந்தான். முகத்தில் பயம். சிநேகிதி மெதுவாகத்தான் சொன்னாள், மா நல்ல மா, பக்குவம்தான் பிழை என்று. அவன் தலையைச் சொறிந்துகொண்டான். "நான் ஹட்டன் பக்கம் எஸ்டேட்டுல பொறந்தவங்க அக்கா. பனை மரத்தையே இங்க வந்துதான் கிட்டத்துல பாத்தேன். படிச்சது ஹோட்டல் சமையல். இந்தக் கூழ வீடியோ பாத்துத்தான் செஞ்சேன்" என்றான்.

அந்தப் பதிலில் அவளுடைய குரலே மாறிவிட்டது. பக்கத்துக் கதிரையை இழுத்து அவனை உட்காரச் சொன்னாள். "ஒடியல் மா அப்பிடியே போட்டால் கைக்கும் தம்பி. வயித்துக்கும் கூடாது. நிறையத் தண்ணியிலை கரைச்சு வையுங்கோ. மா அடியிலை படியும். மேலை தெளிஞ்ச தண்ணியை ஊத்திப்போட்டுப் புதுத் தண்ணி விடுங்கோ. மூண்டு தரமாவது செய்யோணும். மரவள்ளி, பயித்தங்காய், பலாக்கொட்டை, நண்டு, மீன் எல்லாம் வெந்த பிறகுதான் இந்த மாவைப் புளியோடை கரைச்சு விடுறது. முதலே விட்டால் அடிப்பிடிக்கும்."

அவன் தன் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டான். "நாளைக்கு வந்து ஒரு தடவ செஞ்சு காட்டுவீங்களா அக்கா?" என்று கேட்டான்.

அவள் சற்றும் தயங்கவில்லை. "வரலாம் தம்பி. பழக்கிறதுக்கு நாட்கூலி எவ்வளவு தருவினமெண்டு முதலாளியைக் கேட்டுச் சொல்லுங்கோ. பளையிலையிருந்து பஸ் காசும் வேணும். அதோடை, இந்த மா நாங்கள் இடிக்கிற மா. ஒரு கிலோவுக்கு எங்களுக்கு வாறது, நீங்கள் இந்தக் கிண்ணத்துக்கு எடுக்கிற காசுக்குக் கிட்டத்தான். இடையிலை கடை இல்லாமல் நேரை எடுத்தால் உங்களுக்கும் லாபம், எங்களுக்கும் லாபம். அதையும் கேளுங்கோ."

நான் பேசாமல் பாஸ்டாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். பேரம் பேசும் திறன் என்று நான் இரண்டு நாள் நடத்தும் பயிற்சியை அவள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

பிறகு பெண்பிள்ளை மேசையைத் துடைத்துவிட்டு, "இனிப்பு ஏதாவது?" என்று கேட்டாள். சிநேகிதி பட்டியலைத் தானே கையில் எடுத்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"எனக்கு வட்டிலப்பம். உனக்கு வேணுமெண்டதை நீ எடு."

வட்டிலப்பம் மலாய் மக்கள் இலங்கைக்குக் கொண்டுவந்த இனிப்பு. பின்னர் முஸ்லிம் வீடுகளின் பெருநாள் பண்டமானது. தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, ஏலம் சேர்த்து ஆவியில் அவிப்பது. இங்கே கித்துள் சர்க்கரைக்குப் பதிலாகப் பனங்கட்டி போட்டிருந்தார்கள். சிநேகிதியின் தாய் முல்லைத்தீவு தண்ணீரூற்றுப் பக்கம் வளர்ந்தவர். பெருநாளுக்குப் பக்கத்து முஸ்லிம் வீட்டில் இருந்து வட்டிலப்பம் வரும் என்றும், தீபாவளிக்கு இவர்கள் வீட்டுப் பலகாரம் அங்கே போகும் என்றும் அம்மா கதை கதையாகச் சொல்லுவாராம். 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது அந்த வீடும் வெறுமையானது. அப்போது இவளுக்கு இரண்டு வயது.

"அம்மா சாகும்வரைக்கும் அதைப் பற்றிக் கதைச்சவ. நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை" என்றாள்.

மெதுவாகச் சாப்பிட்டாள். அடியில் கிடந்த பாணியைக் கரண்டியால் வழித்து எடுத்தாள். "இது எனக்கு விருப்பம்" என்றாள். ஒரு பெரிய விசயத்தைக் கண்டுபிடித்தவள் போலச் சொன்னாள்.

காசை அவளே எண்ணிக் கொடுத்தாள். கூழுக்குக் காசு வேண்டாம் என்று கணக்குப் பார்ப்பவர் சொன்னபோது, "பாதி எடுங்கோ. நண்டுக்கால் நல்லாத்தான் இருந்தது" என்றாள்.

இரவு என் அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு நெடுநேரம் கதைத்தோம். தனக்கு நெத்தலிப் பொரியல் விருப்பம் என்று திடீரென்று சொன்னாள். மகளுக்கு மணம் பிடிக்காது என்பதால் வீட்டில் சமைப்பதில்லையாம். கொஞ்ச நேரம் கழித்து, மழை நாளில் பாணும் இடிச்ச சம்பலும் என்றாள். பிறகு பனங்காய்ப் பணியாரம் என்றாள். ஒவ்வொன்றாக இருட்டுக்குள் இருந்து வந்துகொண்டிருந்தன. நித்திரை வரும்வரை எண்ணிக்கொண்டிருந்தோம்.

மூன்று வாரம் கழித்து அந்த உணவகத்தில் இருந்து அழைப்பு வந்தது. ஒரு நாள் போய்க் கூழ் காய்ச்சிக் காட்டினாள், கூலியும் பஸ் காசும் கொடுத்தார்கள். மாவை இப்போது நேரடியாக எடுக்கிறார்கள். கிலோவுக்குக் கிடைப்பது முன்னரைவிடச் சற்றுக் கூட. பெரிய மாற்றம் என்று சொல்லமாட்டேன். பன்னிரண்டு பெண்களுக்கும் பிரித்தால் சிறிய தொகைதான். ஆனால் விலையை அவர்கள் சொல்லி, மற்றவர் கேட்ட முதல் வியாபாரம் அது.

சங்கமாகச் சேர்ந்து பொருள் செய்யும் சகோதரிகளுக்கு அவளிடம் இருந்து நான் படித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பொருள் கடைசியாக எங்கே போய்ச் சேருகிறது, அங்கே என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு தடவையாவது நேரில் போய்ப் பாருங்கள். காயவிட்ட நாட்களையும் இடித்த நேரத்தையும் கூலியாகக் கணக்கில் எழுதுங்கள். பக்குவம் தெரிந்திருப்பதும் ஒரு தொழில்தான். அதைப் பழக்கிக் கொடுப்பதற்கும் கூலி உண்டு.

என் வேலையில் ஒரு சிறிய மாற்றம் நடந்திருக்கிறது. படிவத்தில் உள்ள கேள்விகளை எல்லாம் கேட்டு முடித்த பிறகு, பேனையை மூடி வைத்துவிட்டு இன்னொன்று கேட்கிறேன். "உங்களுக்கு என்ன விருப்பம்?" சிலர் சிரிக்கிறார்கள். சிலர் பிள்ளைகளுடைய விருப்பத்தைச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு இல்லை, உங்களுக்கு என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. பிறகு மெதுவாக வருகிறது. முழு மாம்பழம் ஒன்றைத் தனியாக இருந்து சாப்பிட வேண்டும் என்றார் ஒரு அம்மா. திருக்கேதீஸ்வரம் பார்க்க வேண்டும் என்றார் ஒருவர். யாரும் எழுப்பாமல் ஒரு நாள் நித்திரை கொள்ள வேண்டும் என்றார் இன்னொருவர்.

இவற்றை எழுதப் படிவத்தில் இடமில்லை. அதன் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.